டிரிப்ஸ் ஏறாத கை

வண்ணப் பெட்டியும் காகிதமுமாக ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைகிறவர் முதலில் கேட்க வேண்டியது “உங்களுக்கு வரைய வருமா?” என்று அல்ல, “எந்தக் கையில ஊசி போட்டிருக்காங்க?” என்றுதான். வலது கையில் டிரிப்ஸ் ஏறுகிறதென்றால் அன்றைக்கு இடது கைதான் ஓவியர். காகிதம் நழுவாமலிருக்க நான்கு மூலையிலும் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். தலைமாட்டை உயர்த்தலாமா என்று நர்ஸிடம் கேட்க வேண்டும். கட்டிலுக்கு மேலே வரும் சாப்பாட்டு மேசை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பரீட்சை அட்டை போதும். பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறாரா, ரவுண்ட்ஸ் முடிந்துவிட்டதா, கஞ்சி எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் தெரிந்த பிறகே பென்சிலை எடுக்கலாம். வார்டில் ஓவியப் பட்டறை என்றதும் நம் மனதில் தோன்றும் காட்சியில் சிரிக்கிற குழந்தைகளும் வானவில்லும் இருக்கும். நிஜத்தில் முக்கால்வாசி நேரம் இந்த மாதிரி வேலைகளில்தான் போகிறது.

இதை மண்ணூர்பேட்டையில் நின்றுகொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. பாடியைத் தாண்டி, திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வாசலில் இருக்கிற ஊர் இது. 1960-களில் தொழிற்பேட்டை எழும்பிய காலத்திலிருந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கைதான் சோறு போடுகிறது: லேத், பவர் பிரஸ், டிரில்லிங், கிரைண்டிங், பேக்கிங். ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கிறவர்களின் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு பேருக்கு நுனி குறைந்திருக்கும். பாதுகாப்புத் தடுப்பு இருந்தால் பீஸ் எண்ணிக்கை குறைகிறது என்று அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு பிரஸ் ஓட்டுகிற வழக்கம் சின்ன ஷெட்களில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. இரவு ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் கண் அசந்தால் போதும்.

இந்த ஊரை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டால், நம் விஷயத்துக்கு வேண்டிய இடங்கள் பலவும் அதற்குள் வந்துவிடுகின்றன. அம்பத்தூரில், தொழிலாளர்களை மனதில் வைத்து 1966-ல் தொடங்கப்பட்ட சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை. தெற்கே முகப்பேரில், வீடில்லாமல் தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக 1993-ல் உருவான ‘தி பேனியன்’ அமைப்பின் அடைக்கலம் இல்லம். அண்ணா நகர் மேற்கு விரிவில் மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனமான ‘ஸ்கார்ஃப்’. கிழக்கே போனால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். இன்னும் கொஞ்சம் கிழக்கே, வெட்டுப்பட்ட விரல்கள் போய்ச் சேருகிற ஸ்டான்லி அரசு மருத்துவமனை.

ஸ்டான்லியில் கைக்கென்றே ஒரு தனிப் பிரிவை டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல் தொடங்கினார். அறுந்த விரலை ஒட்டவைப்பது மணிக்கணக்கில் நடக்கிற ஆபரேஷன். ஆனால் அது பாதி வேலைகூட இல்லை. ஒட்டிய விரல் தானாக மடங்காது. தசைநாண்கள் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும், மூட்டு இறுகும், தொட்டால் கூசும். மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். மாவு மாதிரி ஒன்றைப் பிசையச் சொல்வார்கள், மணி பொறுக்கச் சொல்வார்கள், பென்சில் பிடிக்கச் சொல்வார்கள். பிஸியோதெரபியில் “இருபது தடவை மடக்குங்க” என்றால் எட்டாவது தடவையிலேயே மனசு வேறெங்காவது போய்விடும். அதே ஆளிடம், அவர் ஓட்டிய மெஷினை வரையச் சொல்லிப் பாருங்கள். ஸ்பிண்டில் எங்கே, சக் எங்கே, டூல் போஸ்ட் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. விரல் எத்தனை தடவை மடங்கியது என்று யாரும் எண்ணப் போவதில்லை.

ஆனால் அவர் உடனே வரைந்துவிட மாட்டார். “நான் என்ன எல்.கே.ஜி. புள்ளையா சார்?” என்பதுதான் ஆண்கள் வார்டில் கிடைக்கிற முதல் பதில். கிரேயானையும் மிக்கி மவுஸ் அச்சடித்த தாளையும் நீட்டினால் அந்தப் பதில் நியாயமானதும்கூட. ஃபிட்டருக்கும் டர்னருக்கும் கொடுக்க வேண்டியது ஸ்கேல், காம்பஸ், கூரான பென்சில். பிளான் பார்த்து மார்க்கிங் செய்கிறவர்கள் அவர்கள். பெண்கள் வார்டில் இதே கதை வேறு வசனத்தோடு வரும்: “எனக்கு வரையவே வராதும்மா.” சொல்கிறவர் நாற்பது வருஷமாக வாசலில் தினமும் கோலம் போட்டவராக இருப்பார். பதினைந்து புள்ளி, இடுக்குப் புள்ளி, எட்டு வரை என்று கணக்குத் தவறாமல் இழுத்தவர், அதை ‘வரைதல்’ கணக்கில் சேர்ப்பதில்லை. புள்ளி வைத்த தாளை அவர் முன் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது. ஆனால் கோலப்பொடியை வார்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. இருமல்காரர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

யாரும் கேட்காத ஒரு கேள்வி

வார்டில் படுத்தவர் எதைத் தீர்மானிக்கிறார்? எழுப்புகிற நேரம் அவருடையது அல்ல. ரத்தம் எடுக்கிற நேரம், சாப்பாடு, விளக்கு அணைப்பது, பார்வையாளர் நேரம், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என எல்லாமே வேறு யாரோ முடிவு செய்தவை. உடுத்தியிருக்கும் துணிகூட ஆஸ்பத்திரி கொடுத்தது. நோட்டில் அவர் பெயருக்குப் பதில் பெட் நம்பர் எழுதப்படும். இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நூறு பேரை நாலு நர்ஸ் பார்த்துக்கொள்கிற இடத்தில் வேறு வழியில்லை. ஆனால் அந்த நாளில் “பச்சையா, நீலமா?” என்று கேட்கிற ஒரே ஆள் வண்ணப் பெட்டிக்காரர்தான். “ரெண்டும் வேண்டாம், போங்க” என்று நோயாளி பதில் சொல்லலாம். டாக்டரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

இந்த “வேண்டாம்” எவ்வளவு முக்கியம் என்பது பட்டறை நடத்துகிறவர்களில் பலருக்குப் புரிவதில்லை. பத்துக் கட்டிலில் மூன்று பேர் மறுத்தால் நிகழ்ச்சி தோற்றுவிட்டதாக நினைத்து, கெஞ்சிக் கூத்தாடி எல்லோர் கையிலும் பிரஷ்ஷைத் திணித்துவிடுகிறார்கள். நோயாளிக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே சுதந்திரத்தையும் அன்பாகப் பிடுங்கிக்கொள்வதுதான் இது. மறுத்தவர் அடுத்த வாரம் தானாகக் கேட்பார், அல்லது கேட்கவே மாட்டார். பக்கத்துக் கட்டில்காரர் வரைவதைப் பார்த்துக்கொண்டு, “அந்த மாட்டுக்குக் கொம்பு சரியில்ல” என்று குறை சொல்லிக்கொண்டிருப்பவரையும் கலந்துகொண்டவராகவே நான் கணக்கில் எடுப்பேன்.

மறுப்பதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் இருப்பவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் தக்க ஊதியம் தர வேண்டும் என்கிறது. ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் நியாயமான வசதி இருக்க வேண்டும் என்பதையும் அதே சட்டம் உரிமையாகச் சொல்கிறது. சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரவும் தடை உண்டு. அக்டோபர் 10, உலக மனநல நாளில், சிறப்பு விருந்தினர் நடுவில் நிற்க, நோயாளிகள் ஆளுக்கொரு படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது எனக்கு இந்தச் சட்டம்தான் ஞாபகம் வரும்.

டாக்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி

சென்னையில் மருத்துவத்துக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு பழசு. எழும்பூரில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் ஓவியப் பள்ளியை 1850-ல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அந்தக் கல்லூரியிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. ஆனால் ஹன்டர் பள்ளியைத் தொடங்கியது கைவினைஞர்களை உருவாக்க, நோயாளிகளுக்காக அல்ல.

நோயாளி கையில் பிரஷ்ஷைக் கொடுத்த கதை காசநோய் விடுதிகளில் பிறந்தது. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் முதல் உலகப் போரின் போர்முனைகளை வரைந்தவர். 1938-ல் காசநோய் கண்டு இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்தார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் அசையாத ஓய்வு. படுத்துக்கொண்டே தன் கட்டிலைச் சுற்றியிருந்த சாமான்களை வரைய ஆரம்பித்தார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். போரில் காயம்பட்ட சிப்பாய்களும் சேர்ந்துகொண்டார்கள். ‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரை 1942-ல் அவர்தான் வைத்தார். 1945-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

நமக்கும் அப்படி ஒரு விடுதி இருந்தது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் கட்டிய சானடோரியம். இன்றும் ரயில் நிலையத்தின் பெயரில் அது வாழ்கிறது. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் விடுதி நடத்தியவர் அவர். ஆனால் இந்த நீண்ட படுக்கை வாழ்க்கைக்கு முடிவு கட்டியதும் சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெரிசலான வீடுகளில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்ட ஏழை நோயாளிகளையும் சானடோரியத்தில் சேர்த்துப் பார்த்த நோயாளிகளையும் ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று கூடவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூட வழிவகுத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏட்ரியன் ஹில்லின் வார்டு இப்போது இல்லை. பொது வார்டில் இன்று சேர்ந்து நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். ஆறு வாரப் பயிற்சித் திட்டம் எழுதிக்கொண்டு போனால் இரண்டாம் வாரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வார்டுப் பட்டறை ஒவ்வொன்றும் ஒரே அமர்வில் தொடங்கி முடிகிறதாக இருக்க வேண்டும். படுக்கையில் நீண்ட நாள் இருப்பவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள்: எலும்பு முறிவு, கீமோ, டயாலிசிஸ், மனநலம்.

டயாலிசிஸ் யூனிட் இந்த வேலைக்கு என்றே அமைந்த மாதிரி. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், அதே நாற்காலி, அதே முகங்கள். ஊசி குத்துகிற ஃபிஸ்டுலாவைப் பெரும்பாலும் அதிகம் புழங்காத கையில்தான் வைப்பார்கள். ஆக, வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது கை சும்மா இருக்கிறது. மேலே டி.வி.யில் சீரியல் ஓடும், அல்லது போன். நாலு மணி நேரத்தில் நடுப்பகுதிதான் நல்ல நேரம். ஆரம்பத்தில் ஊசி பயம், கடைசியில் பிரஷர் இறங்கித் தலை சுற்றும்.

கீமோ வார்டில் வேறு கணக்கு. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் ஆளிடம் ஏரி மண்ணையோ காய்ந்த இலை, பூவையோ கொண்டுபோகக் கூடாது. அதில் பூஞ்சை இருக்கும். ஆளுக்கு ஒரு பெட்டி. ஒருவர் தொட்டது இன்னொருவருக்குப் போகக் கூடாது. டர்பன்டைன், ஸ்ப்ரே, வாசனை மார்க்கர் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே குமட்டுகிறவருக்கு அந்த நெடி போதும். சில கீமோ மருந்துகள் விரல் நுனியை மரத்துப்போக வைக்கும். சட்டைப் பித்தானே போட முடியாதவரிடம் மெல்லிய பிரஷ்ஷை நீட்டி அவமானப்படுத்தக் கூடாது. தடித்த பேஸ்டல் வேண்டும். மனநல வார்டில் பென்சில் சீவிக்குள் இருக்கும் பிளேடை நினைக்க வேண்டும். எத்தனை கொண்டுபோனோமோ அத்தனையும் திரும்ப வந்ததா என்று எண்ணிய பிறகே கதவு திறக்கும்.

பாரதபுரத்துக் கைகள்

இந்தப் பக்கத்தில் விரலும் நிறமும் சேர்ந்த மிகப் பெரிய கதை செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் விடுதி வந்தது. 1955-ல் அது மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. சிகிச்சைக்கு வந்தவர்கள் குணமானார்கள், வீடு திரும்பவில்லை. வீடு சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி ஆஸ்பத்திரிகளை அண்டித்தான் தொழுநோய்க் குடியிருப்புகள் உருவாகின. பாரதபுரம் அப்படி ஒன்று.

தொழுநோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை. அது நரம்பைக் கெடுக்கிறது. உணர்ச்சி போன கை, சூடான பாத்திரத்தைப் பிடித்தது தெரியாமல் பிடித்திருக்கும். காயம் வரும், சீழ் பிடிக்கும், எலும்பு கரையும். முழங்கை நரம்பு செயலிழந்தால் விரல்கள் நகம்போல் வளைந்துவிடும். இதைக் கண்டு சொன்னவர்களில் முக்கியமானவர் நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அவர், வேலை செய்யும் தசையின் நாணை வேலை செய்யாத விரலுக்கு மாற்றித் தைத்து வளைந்த கைகளைத் திறக்க வைத்தார். தச்சு வேலை தெரிந்தவர் பிராண்ட். ஆபரேஷன் முடிந்த கையோடு நோயாளியை பஸ் ஏற்றிவிட்டால் மறுபடியும் பிச்சைக்குத்தான் போவார் என்று கண்டதும், ‘புதுவாழ்வு மையம்’ வைத்து மரவேலை கற்றுக்கொடுத்தார். கை சரியானால் மட்டும் போதாது, அந்தக் கை செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது.

மக்கள்தொகையில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்குத் தொழுநோய் 2005 டிசம்பரில் இறங்கிவிட்டதாக இந்தியா அறிவித்தது. கணக்குப்படி பிரச்சினை தீர்ந்தது. அதே 2005-ல் பாரதபுரத்தில் ‘பிந்து ஓவியப் பள்ளி’ பிறந்தது. தொடங்கியவர்கள் இருவர்: ஆஸ்திரிய ஓவியர் வெர்னர் டோர்னிக், தொழுநோய்க் குடியிருப்புகளில் பல காலம் வேலை செய்த பத்மா வெங்கட்ராமன். பின்னவர் முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள். பள்ளியின் மாணவர்கள் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள். பலர் அதுவரை பிரஷ்ஷைத் தொட்டவர்களில்லை. பலர் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள்.

விரல் இல்லாதவர் எப்படி வரைவார் என்று கேட்கத் தோன்றும். பிரஷ்ஷைக் கையோடு சேர்த்துக் கட்டலாம். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடிக்கலாம். தொடு உணர்ச்சி இல்லாத கையில் பிரஷ் எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாது. தாளில் விழுகிற வண்ணத்தின் தடிமனைக் கண்ணால் பார்த்துத்தான் கையை ஏற்றி இறக்க வேண்டும். அதனால் அந்தப் படங்களில் நடுக்கமான மெல்லிய கோடுகளுக்கு இடமில்லை. தைரியமாக வைத்த பெரிய வண்ணங்கள் இருக்கும். அவை இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கண்காட்சிகளில் தொங்கின, விற்றன.

எனக்கு இதில் பிடித்த அம்சம், இவர்களை யாரும் ‘சிகிச்சை பெறுகிறவர்கள்’ என்று அழைக்கவில்லை என்பது. நோய் எப்போதோ குணமாகிவிட்டது. இவர்கள் வேலைக்குப் போகிறார்கள். படத்துக்கு விலை கிடைக்கிறது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதை விவாகரத்துக்கான காரணங்களின் பட்டியலிலிருந்து நாடாளுமன்றம் நீக்கியதே 2019-ல்தான். அந்தப் பின்னணியில், ஒரு முதிய பெண்மணி தன் பெயர் போட்ட படத்தை விற்றுக் காசு வாங்குவது சாதாரணமான விஷயமில்லை.

படம் யாருடையது?

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வேர் 1794-ல் வாலன்டைன் கானலி நடத்திய விடுதிவரை போகிறது; இப்போதைய இடத்துக்கு அது 1871-ல் வந்தது. ஆட்களை அடைத்து வைக்கிற இடமாக இருந்த அதை ஆஸ்பத்திரியாக மாற்றியதில் பெரும் பங்கு டாக்டர் சாரதா மேனனுடையது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான அவர் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளர். கைத்தொழிலும் மறுவாழ்வும் சிகிச்சையின் பகுதி என்று நின்றவர். 1984-ல் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தைத் தொடங்கி, ஓய்வுக்குப் பிறகும் அதே வேலையைத் தொடர்ந்தார். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் ‘பேனியனை’ ஆரம்பித்தபோது, தெருவிலிருந்து வந்த பெண்களில் பலரால் தங்கள் ஊரையோ பெயரையோ சொல்ல முடியாத நிலை. அப்படி வந்தவர்களுக்குக் கதை கேட்கிற விண்ணப்பப் படிவத்தைவிட ஒரு வெற்றுத் தாள் சங்கடம் குறைந்தது.

ஆனால் மனநல வார்டில் ஒரு ஆபத்து உண்டு. படத்தைப் பார்த்ததும் அர்த்தம் சொல்லத் துடிப்பது. கறுப்பு பூசினால் மனச்சோர்வு, கதவு இல்லாத வீடு வரைந்தால் தனிமை, கண் பெரிதாக இருந்தால் சந்தேகம் என்று. கறுப்பு பேஸ்டல் மட்டும்தான் அன்றைக்கு உடையாமல் இருந்தது என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். எட்வர்ட் ஆடம்சன் 1946-ல் இங்கிலாந்தின் நெதர்ன் மருத்துவமனையில் வரையும் அறை வைத்தபோது வேறு வழியைப் பிடித்தார்: வண்ணம் கொடுப்பார், இடம் கொடுப்பார், வாயை மூடிக்கொண்டிருப்பார். அதே 1946-ல் பிரேசிலின் ரியோ நகரத்தில் டாக்டர் நீஸி ட சில்வெய்ரா, மின் அதிர்ச்சி கொடுக்க மறுத்ததால் யாரும் மதிக்காத கைத்தொழில் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டார். அங்கேயே ஓர் ஓவியக்கூடம் திறந்தார். 1952-ல் நோயாளிகளின் படங்களுக்கென ஓர் அருங்காட்சியகமே அமைத்தார்.

அருங்காட்சியகம் என்றால் பெருமைதான். ஆனால் கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது. வார்டில் வரைந்த படம் யாருடையது? கேஸ் ஷீட்டோடு சேர்த்து ஃபைலில் வைக்கலாமா? ஆஸ்பத்திரிக் காலண்டரில் போடலாமா? என் பதில் நேரடியானது. படம் வரைந்தவருடையது. டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துச் சீட்டோடு அதையும் கையில் கொடுக்க வேண்டும். அவர் கிழித்துப் போட்டால் அதுவும் அவர் இஷ்டம். சுவரில் மாட்ட வேண்டுமென்றால் கேட்டு மாட்ட வேண்டும். பெயர் போடவா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இதனால் எல்லாம் நோய் குணமாகுமா? ஆகாது. புற்றுக்கட்டி கரையாது, கிட்னி திரும்பி வராது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-ல் வெளியிட்ட தொகுப்பறிக்கை 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயைத் தடுப்பதிலும் சமாளிப்பதிலும் கலைகளுக்குப் பங்கிருக்கிறது என்றது. பதற்றமும் வலியும் கொஞ்சம் குறைவதாகச் சொல்கிற ஆய்வுகள் அதில் உண்டு. எல்லா ஆய்வும் ஒரே தரம் இல்லை; சின்னக் குழுவில், ஒப்பிட ஆளில்லாமல் செய்தவையும் இருக்கின்றன. மாத்திரைக்குப் பதிலாக மண்டலா வரையச் சொல்கிறவர்களிடமிருந்து தள்ளி நிற்பது நல்லது. என்னைக் கேட்டால், பட்டறை வேண்டும் என்பதற்கு ரத்த அழுத்தம் எத்தனை புள்ளி இறங்கியது என்ற நிரூபணமே தேவையில்லை. வார்டில் டி.வி. மாட்டும்போது யாரும் ஆய்வுக் கட்டுரை கேட்பதில்லையே.

யார் காசு கொடுப்பது?

அரசு மருத்துவமனைகளில் பிஸியோதெரபிஸ்டுக்குப் பதவி உண்டு. வண்ணப் பெட்டியோடு வருகிறவருக்குச் சம்பளப் பட்டியலில் இடம் தேடினால் கிடைப்பது கஷ்டம். அதனால் இந்த வேலை கல்லூரி மாணவர்கள், தன்னார்வலர்கள், பிறந்த நாளைக் கொண்டாட வருகிற குடும்பங்கள் என்று உதிரியாக நடக்கிறது. ஒரு நாள் வந்து, எல்லோரையும் உற்சாகப்படுத்திவிட்டுப் போய்விடுவார்கள். மறு வாரம் அதே டயாலிசிஸ் நாற்காலியில், “அந்தப் பொண்ணு வரலையா?” என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். மாதம் ஒரு முறை தவறாமல் வர முடியாதவர்கள் தொடங்காமலிருப்பது மேல் என்பது என் கட்சி. தொடர்ந்து வர ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

மண்ணூர்பேட்டைக்காரர்கள் அதற்கு வெகுதூரம் பார்க்க வேண்டியதில்லை. கம்பெனிச் சட்டம் 2013-ன்படி, நிகர லாபம் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்ற பட்டியலில் சுகாதாரமும் இருக்கிறது, கலையும் இருக்கிறது. பாடியிலிருந்து அம்பத்தூர்வரை சாலையின் இரு பக்கமும் அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. விரல்கள் பிரஸ்ஸில் போவதும் இதே வட்டாரத்தில்தான். கவின் கலைக் கல்லூரியில் படித்த ஒருவருக்கு மாதச் சம்பளம், ஆளுக்கொரு பேஸ்டல் பெட்டி, பரீட்சை அட்டைகள், கழுவித் துடைக்கக்கூடிய மேசை விரிப்பு. சாமான்களுக்கு ஆகிற செலவு ஆயுத பூஜைப் பொரி, பந்தல், பரிசுப் பாத்திரத்துக்கு ஆகிற செலவைத் தாண்டாது.

கொடுக்க முன்வருகிற நிறுவனங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: சாமான் பெட்டியில், பேனரில், ஆண்டறிக்கையில் எங்கே வேண்டுமானாலும் உங்கள் லோகோவைப் போட்டுக்கொள்ளுங்கள். வரைகிற தாளின் கீழ் மூலையில் மட்டும் அச்சடிக்க வேண்டாம். படம் முடிந்ததும் ஆட்கள் பெயர் எழுதுகிற இடம் அது.